மருத்துவர் இல்லாத மலையும் பொதுச் சுகாதாரத் தொழிலும்

"பொதுச் சுகாதாரம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?"

இந்தப் படிப்பில் சேரும் ஒவ்வொரு மாணவரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் கேள்வி இது. டாக்டரா என்றால் இல்லை, நர்ஸா என்றால் அதுவும் இல்லை. "அப்படியானால் ஊசியும் போடமாட்டாய், மருந்தும் எழுதமாட்டாய், பிறகு எதற்கு இந்தப் படிப்பு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்!

இதற்கான பதிலை வேலைவாய்ப்பு மலரில் தேடுவதை விட வரலாற்றில் தேடுவது நல்லது. தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரம் ஒரு தொழிலாக வளர்ந்த கதை நூறாண்டுகளைத் தாண்டியது. அந்தக் கதையின் ஒரு முக்கியமான பக்கம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இருக்கிறது.

மலையடிவாரத்திலிருந்து...

கொல்லிமலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் ஊர் முள்ளுக்குறிச்சி. சுற்றுலா செல்பவர்களுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காரவள்ளிப் பாதைதான் தெரியும். மலைவாழ் மக்களுக்கு முள்ளுக்குறிச்சிப் பக்கமும் ஒரு வாசல். இன்று மலைமேல் பேருந்து போகிறது. நூறாண்டுகளுக்கு முன்போ நடந்துதான் ஏற வேண்டும், இல்லாவிட்டால் டோலியில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்போது இந்தப் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான்.

வல்வில் ஓரி ஆண்ட மலை, அறப்பளீஸ்வரர் கோயில், தினையும் சாமையும் விளையும் மண் என்று கொல்லிமலைக்குப் பெருமைகள் பல. ஆனால் சமவெளி மக்கள் அந்த மலைக்குப் போகப் பயந்தார்கள். காரணம் குளிர்காய்ச்சல், அதாவது மலேரியா. மலையில் ஓர் இரவு தங்கினாலே காய்ச்சல் வந்துவிடும் என்று நம்பினார்கள். "கொல்லும் மலை" என்பதால்தான் கொல்லிமலை என்று பெயர் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. மருத்துவர் எவரும் அங்கு போகவில்லை.

கட்டடத் தொழில் கற்றவர்

அந்த மலைக்குப் போனவர் ஜெஸ்ஸி பிராண்ட். 1885இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அவர் கற்றது கட்டடத் தொழில். கிறிஸ்தவ ஊழியத்துக்காக இந்தியா வர முடிவு செய்தபின், லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு அளவுக்கு அடிப்படை மருத்துவம் பயின்றார். வெப்ப நாடுகளுக்குப் போகும் ஊழியர்களுக்கென்றே அந்தக் கல்லூரி நடந்தது. அதில் படித்து முடித்தவர் மருத்துவர் ஆகிவிடமாட்டார், எம்.பி.பி.எஸ். போன்ற பட்டம் எதுவும் கிடைக்காது.

1907இல் இந்தியா வந்த அவர், 1913இல் எவலின் ஹாரிஸ் என்பவரை சேந்தமங்கலத்தில் திருமணம் செய்துகொண்டு கொல்லிமலையில் குடியேறினார். வாழவந்தியில் வீடு கட்டினார். கட்டியது அவரே! காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார்.

ஆனால் பொதுச் சுகாதார மாணவர் கவனிக்க வேண்டியது அவர் கொடுத்த மருந்தை அல்ல. கிணற்றில் அவர் செய்த வேலையை.

அன்று அந்த மலையில் நரம்புச் சிலந்தி நோய் பரவலாக இருந்தது. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வரை வளரும் புழு ஒன்று, மனிதனின் காலில் கொப்புளம் உண்டாக்கி மெல்ல வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் அவர் காலைத் தண்ணீரில் வைப்பார். அந்த நேரத்தில் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சிகள் அவற்றை உண்ணும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவரின் உடலில் ஏறக்குறைய ஓராண்டு வளர்ந்து, மறுபடியும் காலில் கொப்புளம். படிகளில் இறங்கி, கால் நனைய நின்று தண்ணீர் மொள்ளும் கிணறுகள்தான் இந்த நோய்க்கு உயிர் கொடுத்தன.

வெளியே வரும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்து போகாமல் நாளுக்குக் கொஞ்சமாக இழுப்பதுதான் சிகிச்சை. இன்றுவரை இதற்குத் தடுப்பூசியும் இல்லை, புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. ஜெஸ்ஸி பிராண்ட் அந்தச் சிகிச்சையையும் செய்தார். கூடவே கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பினார், வாளியால் இறைக்கச் சொன்னார். கிணற்றில் கால் படாவிட்டால் புழுவின் வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடும்.

அந்த மலையில் ஒரு கொத்தனாரின் கைவேலை மருத்துவரின் வேலையைச் செய்தது என்றால் மிகையில்லை. பொதுச் சுகாதாரம் என்ற சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் கிடைப்பது அரிது. ஒருவருக்கு நோய் வந்தபின் கொடுப்பது மருந்து. ஊருக்கே நோய் வராமல் செய்வது சுவர்.

1929இல் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றி வரும் கொடிய நோய் அது. அவருக்கு வயது 44. எவலின் பிராண்ட் மலைகளை விட்டு விலகவில்லை. ஊழியத்திலிருந்து ஓய்வு பெறும் வயதில் மீண்டும் மலையேறி, கொல்லிமலையோடு சுற்றியுள்ள மலைகளிலும் வேலை செய்தார். 1974இல் 95 வயதில் இறந்தபோது, அவரும் வாழவந்தியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அந்தச் சிறு வேலை பின்னாளில் நாடு தழுவிய திட்டமானது. 1980களின் தொடக்கத்தில் இந்திய அரசு நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. படிக்கிணறுகளை மூடுவது, கைப்பம்பு போடுவது, தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்வது, ஊர் ஊராக நோயாளிகளைத் தேடுவது... இவைதான் அதன் ஆயுதங்கள். 1996க்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை. 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நரம்புச் சிலந்தி இல்லாத நாடாக அறிவித்தது. தடுப்பூசியும் மருந்தும் இல்லாமலே ஒரு நோய் ஒரு நாட்டை விட்டுப் போனது!

சென்னை மாகாணம் போட்ட பாதை

ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையில் இருந்த அதே காலத்தில், கீழே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரம் ஓர் அரசுத் தொழிலாக உருவெடுத்துக்கொண்டிருந்தது.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களால் சுகாதாரம் மாகாண அமைச்சர்களின் கைக்கு வந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் 1922இல் பொதுச் சுகாதாரத் துறை தனி இயக்குநரகமாக மாற்றி அமைக்கப்பட்டது. ஏ.ஜே.எச். ரஸ்ஸல் அதன் முதல் இயக்குநர். மாவட்டத்துக்கு ஒரு சுகாதார அலுவலர், அவருக்குக் கீழே சுகாதார ஆய்வாளர்கள், அம்மை குத்துபவர்கள் என்று படிநிலை உண்டானது. ஆஸ்பத்திரிக்கு வெளியே, நோயாளியைத் தொடாமலே மக்களின் நலத்துக்காக முழுநேரமும் உழைத்துச் சம்பளம் வாங்கும் ஒரு கூட்டம் அப்படித்தான் உருவானது.

1939இல் ராஜாஜி அமைச்சரவையின்போது சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. டி.எஸ்.எஸ். ராஜன் அப்போது சுகாதார அமைச்சர். இந்தியாவிலேயே இப்படி ஒரு முழுமையான சட்டம் கொண்டுவந்த முதல் மாகாணம் சென்னைதான். குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய், உணவு, சந்தை, திருவிழா என்று எல்லாவற்றிலும் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் கிடைத்தது. 1930களிலேயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு பூந்தமல்லியில் ஒரு சுகாதாரப் பயிற்சிக் களமும் அமைந்தது.

சுதந்திரத்துக்குப் பின் பல மாநிலங்கள் மருத்துவத் துறையையும் பொதுச் சுகாதாரத் துறையையும் ஒன்றாக இணைத்துவிட்டன. அப்படி இணைத்த இடங்களில் ஆஸ்பத்திரி வேலை மேலோங்கியது, தடுப்பு வேலை பின்னுக்குப் போனது. தமிழ்நாடு மட்டும் தனி இயக்குநரகத்தையும் தனிப் பணியாளர் அணியையும் விடாமல் வைத்துக்கொண்டது. அதன் பயன் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது தெரிந்தது. கடலோர முகாம்களில் குளோரின் கலந்த குடிநீர், கழிப்பறை, கொசு ஒழிப்பு, தினசரி நோய்க் கணக்கு என்று வேலை உடனே தொடங்கியது. எல்லோரும் பயந்த பெரிய கொள்ளைநோய் வரவில்லை. மோனிகா தாஸ் குப்தாவும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் இந்த அமைப்பைப் பற்றி விரிவாக எழுதி, மற்ற மாநிலங்களுக்கு இது ஒரு பாடம் என்று காட்டினார்கள்.

வராத நோய்க்கு யாரும் நன்றி சொல்வதில்லை. இந்தத் தொழிலின் துயரமும் இதுதான்!

சேத்துப்பட்டு கற்றுக்கொடுத்தது

பொதுச் சுகாதாரத்தில் மருத்துவர் அல்லாதவருக்கு என்ன இடம் என்பதற்கு இன்னொரு நல்ல உதாரணம் சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956இல் அங்கு காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்றும் ஊட்டமான உணவும் வேண்டும் என்பதே உலகத்தின் நம்பிக்கை. சென்னையின் ஏழைகளுக்கு அதெல்லாம் எங்கே கிடைக்கும்? சேத்துப்பட்டு மையம் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மறு பிரிவினர் தங்கள் சிறிய வீடுகளில். இருவருக்கும் ஒரே மருந்து. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள்! அவர்களால் வீட்டில் இருந்த மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை மாறியது.

இந்த முடிவு மருத்துவர்களால் மட்டும் வந்ததா? வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணிய சுகாதாரப் பார்வையாளர்கள் வேண்டியிருந்தது. பாதியில் நிறுத்தியவரைத் தேடிப் பேசிய சமூகப் பணியாளர்கள், சளியைப் பரிசோதித்த ஆய்வுக்கூடத்தினர், கணக்கைச் சரியாகப் போட்ட புள்ளியியலாளர்கள் என்று எல்லோரும் வேண்டியிருந்தது. இன்று எம்.பி.எச். என்ற முதுநிலைப் படிப்பில் சொல்லித்தரப்படும் நோய்ப்பரவல் இயல், புள்ளியியல், சமூக அறிவியல் எல்லாம் அன்று அந்தக் கட்டடத்திலும் அதைச் சுற்றியிருந்த தெருக்களிலும் நடந்த வேலைகள்தான்.

அறிமுகம் எப்படி வேலையானது?

"வேலைக்கு ஆள் தெரிய வேண்டும்" என்பது எல்லோரும் சொல்வது. இதைச் சிபாரிசு என்று மட்டும் புரிந்துகொள்வது தவறு. கொல்லிமலைக் கதையே வேறொரு விளக்கம் தருகிறது.

ஜெஸ்ஸி-எவலின் தம்பதியின் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். அப்பாவைப் போலவே முதலில் கட்டடத் தொழில் கற்றார், பிறகுதான் மருத்துவம் படித்தார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அழைத்தவர் தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன்.

பால் பிராண்ட் எலும்பு அறுவை நிபுணர். தொழுநோய் அவருடைய துறையே இல்லை. காக்ரேன் அவரைச் செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு வரச்சொல்லி நோயாளிகளைக் காட்டினார். மடங்கிப்போன விரல்களைப் பார்த்த பிராண்ட், இவற்றை எலும்பு நிபுணர்கள் ஏன் ஆராயவில்லை என்று வியந்தார். அவர்கள் யாரும் இந்தப் பக்கமே வந்ததில்லை என்பதுதான் உண்மை. அந்த ஒரு நாள் சந்திப்பிலிருந்து, தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சை என்ற புதிய துறையே பிறந்தது.

காக்ரேன் செய்தது சிபாரிசு அன்று. தன் வேலையை இன்னொரு துறைக்காரருக்குத் திறந்து காட்டினார், அவ்வளவுதான். பொதுச் சுகாதாரத்தில் அறிமுகம் என்பதன் உண்மையான பொருள் இதுதான். கைகுலுக்கிப் பெயர் அட்டை மாற்றிக்கொள்வதால் நடப்பது கொஞ்சம். ஒன்றாகக் களத்தில் நின்று ஒரே சிக்கலைப் பார்ப்பதால் நடப்பது அதிகம்.

கொல்லிமலைக்கு வடக்கே தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையில் இருக்கும் சிட்டிலிங்கியிலும் இதே கதைதான். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் காந்திகிராமத்து மருத்துவமனையில் பணியாற்றிய பிறகு, 1993இல் சிட்டிலிங்கியில் ஒரு குடிசையில் வேலையைத் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பள்ளிப் படிப்பு குறைந்த அந்தப் பெண்கள் பிரசவம் பார்க்கவும், கிராமங்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளைக் கவனிக்கவும் கற்றுக்கொண்டார்கள். பிறகு இயற்கை விவசாயமும் லம்பாடித் தையல் தொழிலும் அங்கே சேர்ந்தன. வருமானமும் உணவும் இல்லாமல் ஆரோக்கியம் இல்லை என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள்.

இன்றுள்ள வாசல்கள்

வரலாறு ஒருபுறம் இருக்க, இன்று படிப்பை முடிப்பவருக்கு என்ன வழி?

முதலில் கசப்பான உண்மை. தமிழ்நாட்டில் மாவட்டச் சுகாதார அலுவலர் போன்ற பதவிகளுக்கு எம்.பி.பி.எஸ். பட்டமும் அதற்குமேல் பொதுச் சுகாதாரத் தகுதியும் வேண்டும். மருத்துவம் படிக்காமல் எம்.பி.எச். மட்டும் முடித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. சேர்வதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சுகாதார ஆய்வாளர் பணி வேறு பாதை. அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமத்தில் 1964 முதல் இயங்கும் ஊரக சுகாதார நிறுவனம் இத்தகைய பயிற்சிகளுக்குப் பெயர் பெற்றது. கிராம சுகாதார செவிலியர் பணிக்கும் தனிப் பயிற்சி இருக்கிறது. மலைக் கிராமத்துப் பெண்கள் பலருக்கு அரசு வேலைக்கான வாசலாக இருப்பது இதுதான்.

கொசுவிலும் பூச்சியிலும் ஆர்வம் உள்ள அறிவியல் பட்டதாரிகளுக்குப் புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் படிப்பு நடத்திய இடம் அது. சென்னையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் களப் பயிற்சியோடு கூடிய நோய்ப்பரவல் இயல் படிப்பை நடத்தத் தொடங்கியது. மாணவர்கள் வகுப்பில் சில வாரங்கள் இருந்துவிட்டு, மீதி நாட்களில் உண்மையான நோய்ப் பரவலை விசாரிக்கும் முறை அது. மருத்துவர் அல்லாதவருக்கும் எம்.பி.எச். கற்றுத்தரும் நிறுவனங்களில், 1997இல் தொடங்கிய திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம் முன்னோடி.

2004இல் தொடங்கிய நோய்க் கண்காணிப்புத் திட்டமும் 2005இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கமும் நோய்ப்பரவல் வல்லுநர், தரவு மேலாளர், திட்ட மேலாளர் போன்ற புதுப் பெயர்களை மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தன. ஆனால் பெரும்பாலானவை ஒப்பந்தப் பணிகள். ஒப்பந்தம் என்றால் என்ன என்பதைக் கொரோனா காலம் எல்லோருக்கும் காட்டியது. பெருந்தொற்றின்போது தற்காலிகமாக எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடித்துக்கொள்ளப்பட்டது. அவர்கள் போராட வேண்டியிருந்தது. நோய் வரும்போது அழைப்பதும், போனபின் மறப்பதும் இந்தத் துறையின் பழைய பழக்கம்.

சங்கங்களும் உண்டு. 1956இல் தொடங்கிய இந்தியப் பொதுச் சுகாதாரச் சங்கம் ஆண்டு மாநாடுகள் நடத்துகிறது. 1974இல் உருவான மெடிகோ ஃபிரெண்ட் சர்க்கிள் என்ற நண்பர் வட்டம், ஊர்ப்புறங்களில் வேலை செய்யும் இளம் மருத்துவர்களையும் மருத்துவர் அல்லாதவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து விவாதிக்கச் செய்தது. இத்தகைய கூட்டங்களில் ஒரு மாணவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாலே போதும், பாடப்புத்தகத்தில் இல்லாத பல விஷயங்கள் கிடைக்கும். அங்கே ஒரு சிறு ஆய்வை, தன் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியதாக இருந்தாலும் சரி, எழுதிக்கொண்டு போகிறவர் நினைவில் நிற்பார். வெறும் கையோடு வேலை கேட்டுப் போகிறவரை யாரும் நினைவில் வைப்பதில்லை.

மலைக்குத் திரும்புபவர் யார்?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே போய் மாத்திரை கொடுக்கும் திட்டம் அது. கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண் தன்னார்வலர்கள். சேத்துப்பட்டின் சுகாதாரப் பார்வையாளர்களும் சிட்டிலிங்கியின் பழங்குடிப் பெண்களும் செய்த வேலையின் தொடர்ச்சியாகவே இதைப் பார்க்க முடிகிறது.

கொல்லிமலையை நரம்புச் சிலந்தி விட்டுப் போய்விட்டது. மலேரியாவின் பழைய பயமும் இல்லை. ஆனால் மலைக் கிராமங்களின் தேவைகள் தீர்ந்துவிடவில்லை. இரத்தசோகை, இளவயதுத் திருமணம், மதுப்பழக்கம், மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும் தூரம்... இவற்றில் எதற்கும் ஊசி மட்டும் மருந்தாகாது. கணக்கெடுக்கத் தெரிந்தவர், மலையாளி மக்களின் பேச்சும் பழக்கமும் புரிந்தவர், தாசில்தார் அலுவலகத்திலும் ஊர்க்கூட்டத்திலும் பேசத் தெரிந்தவர் தேவை.

அத்தகைய ஆள் எங்கிருந்து வருவார்? நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலிருந்து வர வேண்டியிருந்தது. இன்று முள்ளுக்குறிச்சியிலிருந்தும் செம்மேட்டிலிருந்தும் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். மலை அவர்களுக்குத் தெரியும், மக்களை முறை சொல்லி அழைக்கத் தெரியும். அந்த அறிமுகத்தை எந்தக் கல்லூரியும் கற்றுத்தர முடியாது. அவர்களுக்கு நிரந்தரமான ஒரு பதவியும் முறையான சம்பளமும் தருவது அரசின் பொறுப்பு. 1922இல் ஒரு மாகாணம் இருந்த குறைந்த பணத்தில் மாவட்டத்துக்கு ஒரு சுகாதார அலுவலரை நியமிக்க முடிந்ததென்றால், இன்று இது முடியாத காரியமா என்ன?

"பொதுச் சுகாதாரம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கும் பெரியவர்களிடம் கொல்லிமலைக் கிணற்றின் கதையைச் சொல்லலாம். வேலை நிறைய இருக்கிறது. அதற்கான பதவிகள்தான் இன்னும் போதவில்லை. அந்தப் பதவிகளைக் கேட்டு வாங்குவதும் இனி இந்தப் படிப்பின் ஒரு பகுதி.